எச்சத்தில் ஒரு கோளைக் கண்டவர்

வைகாசி மாதத்து முன்னிரவில், மேட்டூர் நீர் கல்லணைக்கு வந்து சேராத நாள்களில், எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நின்று தெற்கே பார்த்தால் தென்னந்தோப்புகளின் தலைக்குச் சற்று மேலே இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள் அருகருகே தெரியும். அவற்றில் கிழக்கே இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பம் அது. தொலைவு நான்கு ஒளியாண்டுக்குச் சற்றுக் கூடுதல். தஞ்சைத் தரணியில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 18 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. லண்டனில் வாழ்பவர்களுக்கு அந்த அளவுக்கும் கொடுத்து வைக்கவில்லை. அங்கே அது உதிப்பதே கிடையாது.

அந்த விண்மீன் 2025 ஆகஸ்டில் செய்திகளில் அடிபட்டது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2024 ஆகஸ்டில் எடுத்த அகச்சிவப்புப் படத்தில், அங்குள்ள இரு பெரும் விண்மீன்களில் ஒன்றின் அருகே மங்கலான ஒரு புள்ளி இருந்தது. சனிக்கோளை ஒத்த நிறையுள்ள ஒரு கோளாக அது இருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள். 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மீண்டும் பார்த்தபோது அந்தப் புள்ளி காணப்படவில்லை. கோள் தன் பாதையில் விண்மீனுக்கு மிக நெருங்கிப் போயிருக்கலாம். கோளே இல்லாமலும் இருக்கலாம். எனவே அதற்கு அவர்கள் கோள் என்று பெயர் சூட்டவில்லை, வேட்பாளர் என்று மட்டுமே குறித்தனர். தேர்தலில் வென்றவருக்கும் வேட்பு மனு அளித்தவருக்கும் உள்ள வேறுபாட்டை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் 160 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு மனிதர். வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். புறக்கோள்களைத் தேடிய வரலாற்றை எழுதுபவர்கள் பலரும் தங்கள் முதல் பக்கங்களில் இவரைக் குறிப்பிடத் தவறுவதில்லை. சூரியனைத் தவிர்த்த வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அளவுகளையும் கணக்கையும் காட்டி முதன்முதலில் அறிவித்தவர் அவர். அறிவித்த ஆண்டு 1855. அப்போது அவர் வகித்த பதவி சென்னை வானியல் ஆய்வகத்தின் தலைமை. அவர் கண்டதாகச் சொன்ன கோள் இல்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. வானியலர்கள் நன்கறிந்த இந்தப் பெயர் தமிழ்நாட்டில் ஏறக்குறைய அறியப்படாமல் இருப்பது விந்தைதான்.

ஜேக்கப் 1813 நவம்பர் 19 அன்று இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உல்லாவிங்டன் என்ற ஊரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படை அதிகாரிகளைப் பயிற்றுவித்த அடிஸ்கோம் கல்லூரியில் பதினைந்து வயதில் சேர்ந்து, பொறியாளர் பிரிவுக்குத் தேர்வாகி, 1831-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். பெரும் முக்கோண அளவைப் பணியில் சில ஆண்டுகள் உழைத்தார். நாட்டின் நிலப்பரப்பை முக்கோணங்களாக வகுத்து, கோணங்களை மட்டும் அளந்தே தொலைவுகளைக் கணக்கிட்ட மாபெரும் வேலை அது.

அந்தப் பணிக்கும் தஞ்சைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜேக்கப் பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்பு, 1808-இல், அளவைப் பணியின் முன்னோடியான வில்லியம் லாம்டன் இங்கே வந்தார். குன்றே இல்லாத சமவெளி, பார்வையை மறைக்கும் தோப்புகள். கோயில் கோபுரங்களை விட்டால் உயரமான இடம் வேறில்லை. அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயிலின் மேல் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு கைவிட, கருவி சுவரில் மோதி அதன் வட்டு நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து ஆறு வாரம் பாடுபட்டு அதை நிமிர்த்தினார் என்பது வரலாறு. நெளிந்து நிமிர்ந்த அந்த வட்டைக் கொண்டுதான் பின்னும் பல ஆண்டுகள் நாடு அளக்கப்பட்டது. கருவியின் மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்ற கேள்வி அந்தத் துறைக்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நிலத்தில் கோணம் அளந்த ஜேக்கப் பிறகு வானத்தில் கோணம் அளக்கத் தொடங்கினார். 1842 அளவில் பூனாவில் சொந்தச் செலவில் ஒரு சிறிய ஆய்வகம் அமைத்தார். அவர் நாட்டம் முழுவதும் இரட்டை விண்மீன்கள் மீது. ஒன்றையொன்று சுற்றிவரும் இத்தகைய 244 இணைகளின் பட்டியலை 1848-இல் ராயல் வானியல் கழகத்துக்கு அனுப்பினார். பாதை கணக்கிட்டவற்றுள் ஆல்ஃபா சென்டாரியும் ஒன்று. அந்த விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டறியப்பட்டதே நம் கடற்கரையில்தான். 1689-இல் புதுச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக் கொண்டிருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தற்செயலாக அதைக் கண்டார்.

கேப்டன் நிலையை எட்டியதும் ஜேக்கப் கம்பெனியின் படைப்பணியை உதறினார். 1848 டிசம்பரில் சென்னை வானியல் ஆய்வகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுப்பப்பட்ட அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த கல்வெட்டோடு, வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கிருந்த பழைய கருவிகளோடு 6.3 அங்குல விட்டமுள்ள ஒரு தொலைநோக்கியைப் பாரிசின் லெரபூர் நிறுவனத்திடம் செய்வித்துச் சேர்த்தார். சுமார் பத்தாண்டுகளில் 250 இரட்டை விண்மீன்களை 998 முறை அளந்தார். வியாழன், சனி ஆகியவற்றின் நிலவுகளைப் பின்தொடர்ந்தார். சனியின் உள்வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்பதை 1852-இல், இங்கிலாந்தின் லாசெல் கண்ட அதே வேளையில், தனியாகக் கண்டார். பலருக்கும் தெரியாத இன்னொரு பணியும் உண்டு. பழைய பட்டியல்களில் வேகமாக இடம்பெயர்வதாகக் குறிக்கப்பட்ட 317 விண்மீன்களை மீண்டும் அளந்து, அந்தப் பெயர்ச்சிகளில் பல பிழையானவை என்று காட்டினார். பிறர் அளவுகளில் உள்ள பிழையை மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர் அவர். இதை மனத்தில் கொண்டுதான் 1855-ஐ அணுக வேண்டும்.

அந்த ஆய்வகத்தில் இரவெல்லாம் கண்விழித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். இந்திய உதவியாளர்கள் பலர் இருந்தனர். அவர்களுள் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பின்னாளில், 1867-இல், ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றார். மற்றவர்களின் பெயர்கள் ஆண்டறிக்கைகளின் மூலையில் கிடக்கின்றன.

இனி அந்தக் கோளுக்கு வருவோம். ஒஃபியூக்கஸ் மண்டலத்தில் 70 என்று எண்ணிடப்பட்ட ஓர் இரட்டை விண்மீன் உண்டு. நம்மிடமிருந்து 16 ஒளியாண்டுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. இரண்டும் ஒன்றையொன்று சுற்ற 88 ஆண்டு ஆகிறது. வில்லியம் ஹெர்ஷல் காலத்திலிருந்து பலரும் அதை அளந்து வந்தனர். கெப்ளர் விதிப்படி ஒரு நீள்வட்டம் வரைந்தால் அளவுகள் அதில் அமர வேண்டும். இந்த இணை மட்டும் அமர மறுத்தது. சில ஆண்டுகளில் பாதைக்கு இப்புறம், சில ஆண்டுகளில் அப்புறம். விலகல் விகலைக் கணக்கில் மிகச் சிறியது. ஒரு விகலை என்பது சுமார் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். இங்கே பேச்சு அதன் பின்னங்களைப் பற்றியது.

களத்தில் பிணையடிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஜேக்கப்பின் எண்ணம் எளிதில் விளங்கும். இரு மாடுகள் வட்டமிடுகின்றன. அவற்றில் ஒன்றோடு கண்ணுக்குத் தெரியாத கன்று ஒன்று கட்டப்பட்டிருந்தால், அது இழுக்கும் போதெல்லாம் மாட்டின் நடை வட்டத்திலிருந்து சற்றே பிசகும். பிசகின் ஒழுங்கைப் பார்த்தே கன்று இருப்பதை உய்த்துணரலாம். இரு விண்மீன்களில் ஒன்றைச் சுமார் 26 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு கோள் இருப்பதாகக் கொண்டால் விலகல்கள் பெருமளவு அடங்குகின்றன என்று கண்டார் ஜேக்கப். ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் இதை வெளியிட்டார். உறுதி என்று அடித்துச் சொல்லாமல், பெரிதும் நிகழக்கூடியது என்ற அளவிலேயே எழுதினார்.

அந்தக் காலத்தின் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்பதே ஆண்டுகளுக்கு முன், 1846-இல், யுரேனஸின் பாதையில் கண்ட எச்சங்களை வைத்து லெவெரியே கணக்கிட்டுச் சொன்ன இடத்தின் அருகிலேயே நெப்டியூன் கிடைத்திருந்தது. எச்சத்துக்குள் உலகங்கள் ஒளிந்திருக்கின்றன என்று ஒரு தலைமுறையே நம்பியது. அதே லெவெரியே 1859-இல் புதனின் பாதையில் கண்ட எச்சத்துக்காக வல்கன் என்றொரு கோளைக் கற்பித்தார், அது இல்லை. புதனின் எச்சத்தை விளக்க ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு வரும்வரை, 1915 வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆக, எச்சம் ஒரு புதிய கோளாக இருக்கலாம், புதிய விதியாக இருக்கலாம், அளந்தவரின் கைப்பிழையாகவும் இருக்கலாம். மூன்றும் தாளில் ஒன்று போலவே தோற்றமளிக்கும்.

70 ஒஃபியூக்கி விஷயத்தில் அது கைப்பிழை. 1890களில் அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் ஜாக்சன் சீ மீண்டும் அங்கே ஓர் இருண்ட துணை இருப்பதாக ஆரவாரத்தோடு அறிவித்தார். ஃபாரஸ்ட் மோல்ட்டன் 1899-இல் அத்தகைய மூன்று பொருள் அமைப்பு நிலைத்திருக்க முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார். பல பதிற்றாண்டுகளில் பல கைகள் பல கருவிகளால் எடுத்த அளவுகள். ஒவ்வொரு கைக்கும் ஒரு சாய்வு. அந்தச் சாய்வுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கோளைப் போல வேடமிட்டன.

இதை நான் ஏளனமாகச் சொல்ல முடியாது. காரணம் சொந்த அனுபவம். 1980களில் காவிரிப் படுகையின் நெல் விளைச்சலைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். மழை, வாய்க்கால் நீர், உரம், விதை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வோர் ஊரிலும் எவ்வளவு விளைய வேண்டும் என்று கணக்கிட்டு, களத்தில் விளைந்ததோடு ஒப்பிட்டேன். வெண்ணாற்றுக் கடைமடை ஊர்கள் சிலவற்றில் ஆண்டுதோறும் கணக்கைவிடக் கூடுதலாகவே விளைந்தது. நான் மகிழ்ந்து போனேன். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்க்காரர்கள் அதன் அருமை அறிந்தவர்கள், சொட்டு வீணாக்காமல் பயிர் செய்பவர்கள், அந்தத் திறனே இந்த எச்சம் என்று ஓர் அத்தியாயம் முழுக்க எழுதினேன். வாய்மொழித் தேர்வில் மிகவும் பாராட்டப்பட்டது அந்த அத்தியாயம்தான். கேட்டவர் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது, அந்த ஊர்க்காரர்களுக்கும்.

பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் கழித்து அப்பகுதியில் ஒரு திருமண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, முதியவர் ஒருவர் என் ஆய்வைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். மூட்டைக்கு எத்தனை மரக்கால் என்று வைத்துக்கொண்டீர்கள் தம்பி என்று கேட்டார். எல்லா ஊருக்கும் ஒரே எடையை வைத்திருந்தேன். அந்த ஊர்களில் கட்டும் மூட்டை சிறியது. சிறிய மூட்டை என்றால் ஏக்கருக்கு மூட்டை எண்ணிக்கை கூடும். அதைப் பெரிய மூட்டையின் எடையால் பெருக்கினால் விளைச்சல் கூடும். கடைமடைத் திறன் என்று நான் பெயரிட்டது சாக்கின் அளவு.

ஆய்வேட்டை நூலாக்கியபோது அந்த அத்தியாயத்தை நீக்கினேன். ஏன் நீக்கினேன் என்று ஒரு வரி எழுதவில்லை. பின்னர் என் மாணவர் ஒருவரே மூல ஆய்வேட்டிலிருந்து அந்த முடிவை எடுத்துத் தன் ஆய்வில் பயன்படுத்தியிருந்தார். அப்போதும் தனியே அழைத்துச் சொன்னேனே தவிர எழுதவில்லை. ஜேக்கப் தன் கணக்கை ஊர் பார்க்க இதழில் வைத்தார். அதனால்தான் மோல்ட்டன் போன்றவர்களால் அந்த வாதத்தைப் பிரித்து ஆராய முடிந்தது. நான் மறைத்து வைத்ததை மறுக்க எவருக்கும் வழியில்லை.

எங்கள் துறையின் பெரியவர் ஒருவரும் இதே குழியில் விழுந்தவர்தான். ஸ்டான்லி ஜெவன்ஸ் 1870களில், வணிக நெருக்கடிகள் சூரியப் புள்ளிகளின் சுழற்சியோடு ஒத்துப்போவதாகவும், இந்திய அறுவடைகள் அவற்றை இணைக்கும் கண்ணி என்றும் வாதிட்டார். இரண்டு சுழற்சிகளின் சராசரியும் பத்தரை ஆண்டுக்கு மிக அருகில் பொருந்தின. அதே காலத்தில்தான் 1876-78 தாது வருடப் பஞ்சம் நம் மக்களைக் கொன்று குவித்தது. சூரியனுக்கும் பருவமழைக்கும் உறவு உண்டா என்று ஆராயும் விருப்பமே கொடைக்கானல் ஆய்வகத்துக்கு வித்தாயிற்று. சென்னை ஆய்வகத்தின் பணி 1899-இல் அங்கே போயிற்று. தவறான ஒரு கருத்து நல்ல ஓர் ஆய்வகத்தைக் கட்டுவிக்கலாம். பஞ்சத்தின் காரணத்தை வானத்தில் தேடியது ஆட்சியாளர்களுக்கு வசதியாகவும் இருந்தது என்பதை ஒரு பொருளியலன் சொல்லாமல் விட முடியாது.

ஜேக்கப்புக்குச் சென்னைத் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை. 1854-55-இல் நோய் விடுப்பில் தாயகம் சென்றார். 1858-இல் மீண்டும் சென்றவர் அந்தப் பதவிக்குத் திரும்பவில்லை. கடற்கரைச் சமவெளியின் ஈரக்காற்று விண்மீன்களை எப்படித் துடிக்க வைக்கிறது என்பதைப் பத்தாண்டு பார்த்தவர் அவர். உயரமான இடத்துக்குப் போனால் காற்றின் பெரும்பகுதி காலடிக்குக் கீழே போய்விடும். அங்கேதான் ஆய்வகம் அமைய வேண்டும் என்று வாதாடினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1862-இல் ஆயிரம் பவுன் ஒதுக்கியது. ஒன்பது அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தன் பணத்தில் வாங்கினார். மூன்றாண்டு அங்கே உழைக்க ஒப்புக்கொண்டு, 1862 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் இறங்கினார். பூனாவை அடைந்ததும் ஆகஸ்ட் 16 அன்று இறந்தார். வயது 48. மனைவியும் ஆறு மகன்களும் இரண்டு மகள்களும் பின்தங்கினர்.

காற்றை விட்டு மேலே போக வேண்டும் என்ற அவர் ஆசையின் எல்லைதான் ஜேம்ஸ் வெப். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதன் கண்ணாடியின் விட்டம் 6.5 மீட்டர். அகச்சிவப்புக்குப் போகக் காரணம் உண்டு. வியாழன் போன்ற கோள் தன் விண்மீனின் ஒளியில் நூறு கோடியில் ஒரு பங்களவே பிரதிபலிக்கும். கண்ணுறு ஒளியில் அதைப் பிரித்தறிவது மிகக் கடினம். ஆனால் பிறந்து சில கோடி ஆண்டுகளே ஆன பெருங்கோள், தீ அணைந்த பின்னும் நாள்கணக்கில் அனல் வீசும் செங்கல் சூளையைப் போலத் தன் பிறப்பின் வெப்பத்தை இன்னும் வெளியிட்டுக் கொண்டிருக்கும். அந்த அனல் அகச்சிவப்பில் தெரியும். வெப் முதலில் படம்பிடித்த புறக்கோள், எச்ஐபி 65426 பி, வியாழனைப் போல 6 முதல் 12 மடங்கு நிறையுள்ளது. அதன் வயது 2 கோடி ஆண்டுக்கு மேல் இராது. அதுவும் அண்மை அகச்சிவப்பில் தன் விண்மீனைவிடப் பதினாயிரம் மடங்குக்கு மேல் மங்கல். விண்மீனை ஒரு மறைப்பால் மூடிய பிறகே அது கண்ணில் படுகிறது.

படம் கிடைத்துவிட்டால் ஐயம் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். ஃபோமல்ஹாட் விண்மீனருகே ஒரு கோளைப் படம்பிடித்ததாக 2008-இல் ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டு அறிவித்தார்கள். இளம் பெருங்கோள் என்றால் அகச்சிவப்பில் அனல் தெரிய வேண்டும்; ஸ்பிட்சர் தொலைநோக்கி தேடியும் தெரியவில்லை. பின்னர் அந்தப் புள்ளி மெல்ல விரிந்து மங்கி மறைந்தது. இரு சிறு பொருள்கள் மோதிச் சிதறிய தூசு மேகமாக அது இருக்க வேண்டும் என்பது 2020-இல் வந்த விளக்கம். ஜேக்கப்பின் வழியில் வென்ற கதையும் உண்டு. எப்சிலான் இண்டி என்ற விண்மீனின் சிறு தள்ளாட்டத்தை வைத்து அங்கே ஒரு பெருங்கோள் இருப்பதாகக் கணித்திருந்தனர். வெப் 2023-இல் பார்த்தபோது கோள் இருந்தது, ஆனால் கணித்த இடத்தில் இல்லை. நிறையும் கணக்கைவிடக் கூடுதல். கன்று உண்மையாகவே கட்டப்பட்டிருந்தது, கயிற்றின் நீளத்தில்தான் பிசகு.

சென்ற பங்குனியில் நான் படித்த கல்லூரியின் நூலகத்துக்குப் போயிருந்தேன். என் ஆய்வேட்டின் கட்டுப்பிரதி அங்கேதான் இருக்கிறது. மூட்டையின் எடை பற்றி ஒரு பக்கத்தில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, அந்த அத்தியாயத்தின் முகப்பில் ஒட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். பதிவேட்டில் உள்ள நூலில் பிறர் எதையும் ஒட்டக்கூடாது என்பது விதி என்றார் பொறுப்பாளர். எழுதியவன் நானே என்றேன். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, கடிதமாக எழுதிக் கொடுங்கள், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். கொடுத்திருக்கிறேன்.